ராட்டினம் கேசட்டும் நேரங்கெட்ட சங்கும்

புதுக் கேசட்டின் பெட்டியைத் திறந்ததும் ஒரு வாசனை வருமே, பாதி பிளாஸ்டிக்கும் பாதி அச்சு மையுமாக, மூக்கில் ஏறினால் தும்மல் வந்துவிடுகிற வாசனை, அதற்காகவே நானும் என் சிநேகிதி ரோசியும் அந்தப் பெட்டியை ஒரு நாளில் பத்துத் தடவை திறந்து மூடுவோம். திறந்து மூடித் திறந்து மூடி மூலையில் இருந்த பிடிப்பு ஒடிந்துபோய், கடைசியில் ரப்பர் பேண்டைச் சுற்றித்தான் வைத்திருந்தோம். அட்டையில் நான்கு பெண்கள், நான்கு நிறச் சட்டையில், ஒரு ராட்டினத்தின் தொட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு பல் தெரியச் சிரிப்பார்கள். மேலே கொட்டை எழுத்தில் ‘ராட்டினம்’ என்று போட்டிருக்கும். அந்தக் கேசட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இனிமையான நினைவு எதுவும் வருவதில்லை. கோபம்தான் வருகிறது, இருபது வருஷத்துக்கு மேலாகியும் ஆறாத கோபம். இளமைக்கால நினைவு என்றால் இனிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் தயவுசெய்து மன்னிக்க வேண்டும்.

‘ராட்டினம்’ என்பது இரண்டாயிரமாவது வருஷத்தில் சனிக்கிழமை சாயங்காலம் டி.வி.யில் வந்த ஒரு தொடர். ஒரே மாடி வீட்டில் தங்கியிருக்கிற நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருப்பார்கள். வாரம் ஒரு தொல்லை வரும், வாரம் ஒரு பாட்டைப் பாடி அதைத் தீர்ப்பார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வருகிற வீட்டுக்காரர்கூட பாட்டைக் கேட்டதும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே திரும்பிப் போய்விடுவார். இப்படி ஒரு குழு அதற்கு முன்னால் எந்த ஊரிலும் இருந்ததில்லை. டி.வி.க்காரர்களே நான்கு முகங்களைத் தேடிப்பிடித்து, ஆளுக்கொரு பெயரும் குணமும் கொடுத்து, ஒருத்திக்குக் கண்ணாடி, ஒருத்திக்குத் திருப்பிப்போட்ட தொப்பி, ஒருத்திக்குக் கித்தார், இன்னொருத்திக்கு எந்நேரமும் வாயில் சூயிங்கம் என்று பங்கு பிரித்துக் குழுவாக்கியிருந்தார்கள். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. கோலார் தங்கவயலின் கோரமண்டலில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் இருந்த சின்னப் பெண்கள் அத்தனை பேரும், அவர்கள் நிஜமாகவே மெட்ராஸில் எங்கேயோ குடியிருப்பதாகவும், என்றைக்காவது ரயிலேறிப் போனால் அந்த மாடி வீட்டுக் கதவைத் தட்டலாம் என்றும் நம்பிக்கொண்டிருந்தோம். ரோசியின் அப்பா மாதா கோவிலில் கித்தார் வாசிக்கிறவர். அவர் மட்டும் ஒருநாள் எங்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, “ஒயரே இல்லாத எலெக்ட்ரிக் கித்தார்ல எப்பிடிம்மா சத்தம் வரும்?” என்று கேட்டார். அவருக்குப் பொறாமை என்று நாங்கள் முடிவுகட்டிவிட்டோம்.

தொடர் பிரபலமானதும் பாட்டுகளை மட்டும் தனியாகக் கேசட் போட்டார்கள். அது ராபர்ட்சன்பேட்டைக் கடைக்கு வந்த வாரமே ரோசியின் அப்பா, பொறாமைக்காரர் என்று நாங்கள் பெயர் வைத்த அதே மனிதர், அவளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார். ரோசி வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது, எங்கள் வீட்டில் உண்டு. அதனால் கேசட் அவளுடையது, அதன் குடித்தனம் எங்கள் வீட்டில். மொத்தம் எட்டுப் பாட்டு. கடைசிப் பாட்டில் குரலே இருக்காது, வெறும் வாத்தியம் மட்டும், நீங்களே பாடிக்கொள்ளுங்கள் என்று அட்டையில் தாராளமாக எழுதியிருப்பார்கள். டி.வி.யில் கேட்டதைவிட கேசட்டில் பாட்டு இன்னும் கொழுத்திருக்கும். நான்கு பேர் பாடுகிற இடத்தில் நாற்பது பேர் பாடுகிற மாதிரி கேட்கும். தபேலாவும் இல்லை, டோலக்கும் இல்லை, மிஷினே களைப்பில்லாமல் தாளத்தை அடித்துக்கொண்டு போகும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் யாரோ ஒருத்தி நம் காதருகில் வந்து மூச்சை இழுப்பாள். அந்த மூச்சையும் சேர்த்துத்தான் நாங்கள் மனப்பாடம் செய்திருந்தோம், பள்ளிக்கூடத்தில் கன்னட டீச்சர் மனப்பாடம் செய்யச் சொன்ன பாட்டில் இரண்டு வரி நிற்காது, இது எட்டும் தலைகீழாக வரும்.

முதல் பாட்டு பள்ளிக்கூடம் விட்டு லீவுக்குக் கிளம்புகிற பாட்டு. ‘நோட்டை மூடியாச்சு, ரோட்டில் ஏறியாச்சு’ என்று தொடங்கும். ஆனால் அதற்கு முன்னால் பத்து விநாடி நேரம் ஓர் ஆலைச் சங்கு ஊதும். அடியிலிருந்து கிளம்பி, மெதுவாக மேலே ஏறி, உச்சியில் போய் அங்கேயே நின்று, பிறகு சட்டென்று அறுந்து, அந்த அறுந்த இடத்தில் மிஷின் தாளம் வந்து விழும். பள்ளிக்கூட மணி பழைய சங்கதி ஆகிவிட்டது, புதுசாக ஏதாவது வைப்போம் என்று அந்தப் பாட்டைப் பதிவு செய்தவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்கள் இந்த இடத்திலேயே மீதியை ஊகித்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கோலார் தங்கவயலில் நேரம் சொன்னது கடிகாரம் இல்லை, மைன்ஸ் சங்கு. காலை ஷிப்டுக்கு ஒன்று, மத்தியான ஷிப்டுக்கு ஒன்று, ராத்திரி ஷிப்டுக்கு ஒன்று. உலை வைப்பதும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் அதைக் கேட்டுத்தான். இந்த மூன்று நேரமும் இல்லாமல் வேறு நேரத்தில் சங்கு ஊதினால் கீழே ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது செய்ய வேண்டியதற்கு ஒரு முறை இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டாமல், செருப்பு மாட்டாமல் பெண்கள், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். வழியில் ஒருத்தி இன்னொருத்தியிடம் பேசமாட்டாள். புருஷன் பேரையோ பிள்ளை பேரையோ வாய்விட்டுச் சொல்லவே கூடாது. கீழே இறங்குகிற ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஷாஃப்ட் கேட்டில் இருக்கிற டைம் கீப்பரின் புத்தகத்தில் அன்றைக்கு இறங்கியவர்களின் நம்பருக்கு எதிரே கோடு போட்டிருக்கும். பெண்கள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த நம்பரைத்தான் சொல்வார்கள், அவர் பார்த்துப் பதில் சொல்வார். சங்கு மாதிரி வாயால் ஊதிக்காட்டுகிற பையன்களை எந்த வீட்டு அம்மா வேண்டுமானாலும் அறையலாம், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த எங்களுக்கு அந்தப் பாட்டில் சங்கு இருப்பது ஏன் உறைக்கவில்லை என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். உறைக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் டேப் ரிக்கார்டரின் ஸ்பீக்கர் கிழிந்துபோனது. அதில் அந்தச் சங்கு கொசு பாடுகிற மாதிரித்தான் கேட்கும். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது நூறு தடவை அந்தப் பாட்டு ஓடியிருக்கிறது, அவள் தலையைக்கூடத் திருப்பியதில்லை. பெரியவர்களுக்கே உறைக்காத ஒன்று பன்னிரண்டு வயதுப் பெண்களுக்கு உறைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள் பாருங்கள், அந்த நியாயம் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்த வருஷம் ஆடி வெள்ளிக்கிழமை எங்கள் லைன் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற திருவிழா. சாயங்காலம் பிள்ளைகளின் ஆட்டம் பாட்டம் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் ரோசியின் கோவிலில் போய் ஆடுவோம், ஆடிக்கு அவள் இங்கே வந்து ஆடுவாள், அதில் யாருக்கும் ஒரு ஆட்சேபமும் கிடையாது. ஆனால் அதுதான் ரோசி எங்களோடு இருக்கப்போகிற கடைசித் திருவிழா. மைன்ஸை மூடிவிடுவார்கள் என்ற பேச்சு வருஷக்கணக்காக இருந்தது, அப்போது நெருங்கி வந்துவிட்டது. அவளுடைய அப்பா முந்திக்கொண்டு வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இடம் பிடித்திருந்தார். திருவிழாவுக்கு மறுவாரம் குடிபோகிறார்கள். அவள் போவதற்குள் ஒரு தடவையாவது, லைன் முழுக்கப் பார்க்க, கிழியாத ஸ்பீக்கரில் அந்த முதல் பாட்டைப் போட்டு நாங்கள் ஆடிவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஒரு மாதம், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின் அடியில் ஒத்திகை பார்த்தோம். பின் லைனிலிருந்து இரட்டைப் பிறவிகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நான்கு பேர் ஆனோம். ரோசி கித்தார்க்காரி, நான் தொப்பிக்காரி. தொப்பிக்கு அப்பாவின் பழைய ஹெல்மெட்டைக் கேட்டபோது அம்மா, “அது இன்னா வெளையாட்டு சாமானாடி? வெச்ச எடத்துல வை” என்று அதட்டிவிட்டாள். நான்கு நிறச் சட்டைகளையும் தைத்துக் கொடுத்தது பக்கத்து வீட்டு முனியம்மா அத்தை. சொந்த அத்தை இல்லை, கூப்பிட்டுப் பழகிய அத்தை. அவர் வீட்டுக்காரர் நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது கீழே பாறை வெடித்துச் சரிந்ததில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. தையல் மிஷினை ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தவர், எங்களுக்கு அளவெடுக்கும்போதே, “நான் முன்னாடி குந்திக்கினு பாப்பேன், தப்பா ஆடுனா அங்கயே எய்ந்து வந்து சட்டையப் புடுங்கிக்குவேன்” என்று மிரட்டிவிட்டுச் சிரித்தார்.

அன்றைக்கு நாலரை மணி இருக்கும். மத்தியான ஷிப்டுக்காரர்கள் கீழே இறங்கி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது, என் அப்பாவும் அதில் ஒருவர். கோவிலுக்கு எதிரே பலகை போட்ட மேடை. முன்னால் பாயை விரித்துப் பெண்கள் இடம் பிடித்துவிட்டார்கள், பாதிப் பேர் வீட்டில் கூழ்ப்பானையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் செட்டு துரை அண்ணன் கேசட்டை வாங்கிப் போட்டுவிட்டு, ஆரம்பத்தில் சத்தமில்லாத நாடா கொஞ்சம் ஓடும் என்று தெரிந்து, அதற்குள் இரண்டாவது குழாய் ஸ்பீக்கரைச் சரியாகக் கட்டிவிடலாம் என்று மரத்தில் ஏறினார். ஆம்ப்ளிஃபயரில் கைவைத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று எங்களை முன்கூட்டியே எச்சரித்திருந்தார். நாங்கள் நான்கு பேரும் இடுப்பில் கைவைத்துத் தலையைச் சாய்த்து, அட்டையில் இருந்தபடியே சிரித்துக்கொண்டு நின்றோம்.

குழாய் ஸ்பீக்கரில் அந்தச் சங்கு கொசு மாதிரிக் கேட்கவில்லை. சங்கு மாதிரியே கேட்டது. லைனுக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், தகரக் கூரைகள் அதிர, அடியிலிருந்து கிளம்பி உச்சிக்கு ஏறி நின்றது. எனக்கு முன்னால் பாயில் இருந்த பெண்கள் எழுந்ததைப் பார்த்தேன். ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் யாரையும் கூப்பிடவில்லை. வீடுகளிலிருந்து இன்னும் பெண்கள் வந்தார்கள், என் அம்மா ஈரக் கையோடு வந்தாள், மேடைப் பக்கம் திரும்பாமலே ஓடினாள். மரத்தில் இருந்த துரை அண்ணன், அவர் கையாலேயே கேசட்டைப் போட்ட மனிதர், குதித்து ஓடினார், அவருடைய தம்பியும் மத்தியான ஷிப்டு. எல்லோருக்கும் முன்னால் ஓடியது முனியம்மா அத்தை. மடியில் வைத்திருந்த யாருடைய குழந்தையையோ பக்கத்தில் இருந்த கிழவியிடம் போட்டுவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தை அதற்கப்புறம் யாரிடமும் நான் பார்த்ததில்லை.

“பாட்டு! அது பாட்டு!” என்று நான் கத்தினேன். ரோசியும் கத்தினாள். நாற்பது பேர் பாடுகிற ஸ்பீக்கருக்கு எதிரே எங்கள் குரல் என்ன எடுபடும்? ஆம்ப்ளிஃபயரைத் தொடவும் பயம். இரண்டு நிமிஷத்துக்குள் கோவில் முன்னால் நான்கு கிழவிகளும் கைக்குழந்தைகளும் நாங்களும்தான் மிச்சம். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நோட்டை மூடியாச்சு, ரோட்டில் ஏறியாச்சு என்று அந்தப் பெண்கள் குதூகலமாகப் பாடினார்கள். அடுத்த பாட்டும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. இரட்டைப் பிறவிகளில் ஒருத்தி, ஆடுவதா நிற்பதா என்று தெரியாமல், அழுதுகொண்டே கொஞ்சம் ஆடினாள்.

ஷாஃப்ட் கேட்டில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சங்கே ஊதவில்லையே, எதைக் கேட்டு ஓடி வந்தீர்கள் என்று அங்கே இருந்தவர்கள் சிரித்ததாகவும் சொன்னார்கள். திரும்பி வந்த பெண்கள் கூட்டத்தில் ஒருத்திக்கு முழங்கால் சிராய்ப்பு, ஒருத்திக்குக் காலில் கண்ணாடி. அவரவர் ஆள் உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷம் ஒரு முகத்திலாவது இருக்கும் என்று பார்த்தேன், இல்லை. கேசட்டை நிறுத்தியதும் துரை அண்ணன் முதல் வேலையாக, “எனுக்கு ஒண்ணும் தெரியாதுபா, இந்தப் பொண்ணுங்கதான் குடுத்துச்சுங்க” என்று கையை விரித்துவிட்டார். லைன் தலைவர் மேடையில் ஏறி எங்களை வரிசையாக நிற்க வைத்தார். “ஆயிரம் பேர் உயிரோட வெளையாடறீங்களா? பெத்தவங்க இன்னா வளத்து வெச்சிருக்காங்க?” என்று அவர் போட்ட சத்தம் குழாய் ஸ்பீக்கருக்குக் குறைந்ததில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். டி.வி.யைச் சொன்னார்கள், கேபிள்காரரைச் சொன்னார்கள், வேதக்காரப் பெண்ணான ரோசியை அம்மன் மேடையில் ஏற்றியதைக்கூட ஒருத்தி சொன்னாள், அதுநாள் வரை அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. என் அம்மா கோவில் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியாக வந்தது முனியம்மா அத்தை. முன்னால் ஓடியவர் ஏன் கடைசியில் வருகிறார் என்று நினைத்துக்கொண்டு, இவராவது நமக்காகப் பேசுவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் நேராக மேடைக்கு வந்து, அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்ற என்னைப் பளாரென்று ஒரு அறை அறைந்தார். காது அடைத்துக்கொண்டது. அடியைவிட அந்த அநியாயம்தான் எனக்குத் தாங்கவில்லை. அம்மா அடிக்கலாம், துரை அண்ணன் அடித்தால்கூடச் சரி, அவர்களுக்கு ஆள் கீழே இருந்தது. நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்: “உங்களுக்கு யாரு கீழ இருக்காங்க? நீங்க எதுக்கு ஓடுனீங்க?”

தலைவர் மேடையை விட்டு இறங்கினார். அத்தை பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போனார். ஆட்டம் பாட்டம் அதோடு ரத்து. கூழை மட்டும் ஊற்றினார்கள்.

மறுநாள் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டுக் கேசட்டை எடுத்துவரச் சொன்னார். கையை ஓங்குகிற ஆள் இல்லை அவர். ரப்பர் பேண்டைக் கழற்றி, கேசட்டிலிருந்து நாடாவை இழுத்து, முழுவதையும் இழுத்து, வாசலுக்கு வெளியே போட்டார். “பாட்டு போட்டது தப்பில்லடி. தெரியாம நடந்தது. அந்தம்மாவைக் கேட்டியே, அதுதான் தப்பு. போயி மன்னிப்புக் கேட்டுட்டு வா” என்றார். தப்பில்லை என்று சொல்லிக்கொண்டே கேசட்டை ஏன் பிய்க்க வேண்டும்? அதுவும் என் கேசட்டா, ரோசியுடையது. நான் அத்தை வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் ஏன் கேட்க வேண்டும், அவர்தான் என்னைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, கேட்டுவிட்டேன் என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். நாடா காற்றில் பறந்து போய் உண்ணிச்செடிப் புதரில் சுற்றிக்கொண்டு மழை வருகிற வரைக்கும் பளபளத்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ரோசி வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றினார்கள். கேசட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய அப்பா முன்னால் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பார்க்கவே வெட்கமாக இருந்தது, ஏதோ இரண்டு பேரும் சேர்ந்து திருடிவிட்ட மாதிரி. ஒரு மாதம் ஒத்திகை பார்த்த ஆட்டத்தை நாங்கள் ஆடவே இல்லை.

அடுத்த வருஷம் மைன்ஸை மூடிவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒருநாள் அதிகாரி ஒருவர் ஜீப்பில் லைனுக்கு வந்து, இன்ன தேதிக்குள் இன்ன காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஐந்து நிமிஷம் பேசிவிட்டுப் போனார். எங்களை மேடையில் நிற்க வைத்துக் கூரை பறக்கக் கத்திய தலைவர் அன்றைக்கு எப்படி நின்றார் தெரியுமா? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “ஆகட்டும்யா, ஆகட்டும்யா” என்று நின்றார். எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. அந்த ஒரு வருஷமாக அத்தனை பேரும் பயந்துகொண்டிருந்தது எங்கேயோ ஒரு மேசைமேல் இருந்த காகிதத்துக்கு. அந்தக் காகிதத்தை அறைய முடியாது, அதைக் கொண்டுவருகிறவரிடம் குரலை உயர்த்த முடியாது. கலர் சட்டை போட்டுக்கொண்டு நான்கு பெண் பிள்ளைகள் வாகாகக் கிடைத்தோம். ஆயிரம் பேர் உயிரோடு விளையாடியது நாங்களாம்!

அந்தப் பாட்டைப் பதிவு செய்தவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. குளுகுளு அறையில் உட்கார்ந்து ஏதோ ஒரு கட்டையை அழுத்தி, அட, சங்கு நன்றாக இருக்கிறதே, வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பார். சங்கைக் கேட்டால் வெறுங்காலோடு ஓடுகிற பெண்கள் அரை நாள் ரயில் தூரத்தில் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. போன வருஷம் ரோசி ஓசூரிலிருந்து என் போனுக்கு அந்தப் பாட்டை அனுப்பினாள். யாரோ பழைய கேசட்டிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதன் கீழே பழைய வாத்தியக்காரர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். அட்டையில் இருந்த நான்கு பெண்களும் ஒரு வரிகூடப் பாடவில்லையாம், யாரோ இரண்டு பெண்கள் மாறி மாறிப் பலமுறை பாடியதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நாற்பது பேர் மாதிரி செய்தார்களாம். எங்கள் காதருகில் மூச்சு விட்டது யார் என்று அட்டையில் எங்கேயும் இல்லை. ரோசியின் அப்பா சொன்னது சரிதான், ஒயர் இல்லாத கித்தாரில் சத்தம் வராது. அதற்கு அறை வாங்கியது நான்.

இந்த ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். பெங்களூரில் வேலை, பெங்களூரில் வீடு என்று ஆன பிறகு கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கியே பல வருஷம் ஆகிவிட்டது. சங்கு கிடையாது. ஊரில் இருப்பவர்களில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலைப் பிடிக்க இப்போது போனில் அலாரம் வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். ஷாஃப்ட் வாயை மூடிவிட்டார்கள், கீழே முழுக்கத் தண்ணீர் என்கிறார்கள். கேட்டுக் கம்பிகளை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், டைம் கீப்பர் உட்காரும் அறைக்குக் கூரை இல்லை. கேசட் விற்ற கடையில் இப்போது போன் உறை விற்கிறார்கள். எங்கள் லைனில் பத்துக்கு நான்கு வீட்டில் ஆள் இருந்தால் அதிகம்.

முனியம்மா அத்தை இருக்கிறார். அதே வீடு, மிஷினை மட்டும் விற்றுவிட்டார், கண் தெரியவில்லை. குரலைக் கேட்டே என்னைக் கண்டுபிடித்து, கூழ் ஊற்றிக் கொடுத்து, பிள்ளைகளை விசாரித்தார். ரோசி பாட்டு அனுப்பிய கதையைச் சொன்னேன். எதையோ பேசிக்கொண்டிருந்த நான், நெஞ்சில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்ததைக் கேட்டே விட்டேன்: “எல்லாம் சரி அத்தை, அன்னைக்கு என்னை அறைஞ்சீங்களே, அது நியாயமா?” வேடிக்கையாகக் கேட்பது போலத்தான் கேட்டேன். வேடிக்கை இல்லை என்று அவருக்கும் தெரிந்தது.

“நியாயம் இல்லதான். கொயந்தை நீ, உனுக்கு இன்னா தெரியும்” என்றார். பிறகு, “நீயுந்தான் ஒண்ணு கேட்ட. யாரு கீழ இருக்காங்கன்னு. நான் அதுக்கு பதிலே சொல்லல இல்ல?” என்றார்.

குவளையில் மிச்சமிருந்த கூழைக் குடித்து முடித்தேன்.

“கேட்டாண்ட போயி எங்கூட்டுக்காரரு நம்பரைச் சொன்னேன்டி. வாய்ல அதுதான் வந்துச்சி. டைம் கீப்பரு அப்பதான் மாத்தலாயி வந்த ஆளு, அவருக்கு இன்னா தெரியும்? புக்கைப் பாத்தாரு. ‘இந்த நம்பரு இன்னைக்கு எறங்கலியேம்மா, வூட்டுலதான் இருப்பாரு, போய்ப் பாரு’ன்னாரு.”

என் கையிலிருந்த காலிக் குவளையைத் தடவி வாங்கிக்கொண்டார்.

“நானும் வந்து வூட்டுக்குள்ள பாத்துட்டுதான்டி உன்னாண்ட வந்தேன்.”